‘நம்மில் ஒருத்தி’: அருணா ஷான்பாக் நிகழ்வும் செவிலியர் அறமும்

செவிலியர் அறம் என்று பாடப்புத்தகத்தைத் திறந்தால் இரண்டு தலைப்புகள் தனித்தனியாக இருக்கும். நோயாளியிடம் எப்படி நடந்துகொள்வது என்பது ஒன்று. உடன் வேலை பார்ப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பது இன்னொன்று. தேர்வில் இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி வரும், மாணவிகளும் தனித்தனியாக மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அந்த இரண்டு தலைப்பும் ஒரே கட்டிலுக்கு வந்துவிட்டன. நான்காம் வார்டை ஒட்டிய ஒரு சிறிய அறையில், உடன் வேலை பார்த்த செவிலியரே நோயாளியாக 2015 வரை படுத்திருந்தார்.

அருணா ஷான்பாக் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் கருணைக்கொலை வழக்கு நினைவுக்கு வரும். சட்டக் கல்லூரிகளில் அவர் பெயர் ஒரு தீர்ப்பின் பெயர். நான் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள், தீர்ப்பைவிட அந்த அறையில் தினம் நடந்த வேலைதான் எனக்கு முக்கியம். ஆகவே இந்த ஆய்வில் நீதிமன்றம் கொஞ்ச நேரம்தான் வரும்.

நடந்தது

அருணா 1948இல் கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஹல்திப்பூர் என்ற ஊரில் பிறந்தவர். பம்பாய் வந்து, பரேல் பகுதியில் உள்ள கிங் எட்வர்ட் நினைவு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தார். 1926இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனையை நடத்துவது மாநகராட்சி. ஏழை எளியவர்களின் கூட்டம் ஓயாத இடம். 1973 நவம்பரில் அவருக்கு 25 வயது. அதே மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவருடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

அறுவை சிகிச்சை ஆராய்ச்சிக்காக நாய்கள் வைத்திருந்த பிரிவில் அவர் வேலை பார்த்தார். நாய்களுக்கென்று வரும் உணவைத் திருடியதாகத் துப்புரவுப் பணியாளர் ஒருவரை அவர் கண்டித்ததாகவும், மேலிடத்தில் சொல்லப்போவதாக எச்சரித்ததாகவும் பின்னாளில் எழுதப்பட்ட விவரங்கள் சொல்கின்றன.

நவம்பர் 27 மாலை, மருத்துவமனையின் அடித்தளத்தில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பணியாளர் அருணாவைத் தாக்கினார். நாய்ச் சங்கிலியைக் கழுத்தில் சுற்றி இறுக்கி, பாலியல் வன்கொடுமை செய்தார். மறுநாள் காலை 7.45 மணிக்குத் துப்புரவு செய்ய வந்த ஒருவர்தான், தரையில் இரத்தத்துக்கு நடுவே நினைவின்றிக் கிடந்த அருணாவைக் கண்டார்.

சங்கிலி இறுகியதில் மூளைக்குப் பிராணவாயு போகவில்லை. மூளைத்தண்டிலும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலும் காயம். பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியும் பாதிக்கப்பட்டதால் கண் திறந்திருந்தும் பார்வை இல்லை. பேச்சு இல்லை, எழுந்து நடப்பதும் இல்லை.

தாக்கியவர் பிடிபட்டார். கொள்ளை, கொலை முயற்சி என்றுதான் வழக்குப் பதிவானது. நடந்தது பாலியல் வன்கொடுமை என்பதை அன்றைய மருத்துவமனை நிர்வாகம் வெளியே விடவில்லை. பெண்ணின் மானம், நடக்கவிருந்த திருமணம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அவருக்கு நடந்தது அன்றைய சட்டத்தின் வன்புணர்ச்சி வரையறைக்குள் வராதது வேறு. இரண்டு ஏழாண்டுத் தண்டனைகள் ஒரே காலத்தில் ஓடின, தாக்கியவர் வெளியே வந்துவிட்டார். அருணா அறையிலேயே இருந்தார்.

அந்த ஓர் இரவு

மாணவிகளை நான் முதலில் நிறுத்தி வைக்கும் இடம் மாலைக்கும் காலை 7.45க்கும் நடுவில் போன அந்த இரவுதான். அத்தனை பெரிய மருத்துவமனை. இரவெல்லாம் விளக்கு எரியும், ஆட்கள் நடமாடுவார்கள். ஒரு செவிலியர் அடித்தளத்தில் விடியும்வரை கிடந்திருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை.

வார்டில் ஒரு நோயாளி கட்டிலில் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் கேள்வி எழும். ‘பாத்ரூம் போயிருக்காங்களா, எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களா’ என்று ஆயாவிலிருந்து இன்சார்ஜ் சிஸ்டர் வரை தேடுவார்கள். டூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாக ஒப்படைக்கிறோம், ஊசி மருந்துக் குப்பிகளை எண்ணி ஒப்படைக்கிறோம், கத்தரிக்கோலைக்கூட எண்ணுகிறோம். ஒப்படைத்துவிட்டு உடை மாற்றப் போகிற செவிலியரை யார் எண்ணுகிறார்கள்? அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வீட்டுக்குப் போயிருப்பார் என்று வார்டு நினைக்கும். வார்டில் இருப்பார் என்று தங்கும் இடத்தில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

அருணா ஒரு தவறைக் கண்டார், கண்டித்தார் என்பது உண்மையானால், அவர் செய்தது செவிலியருக்கு விதிக்கப்பட்ட கடமை. 1953 முதல் உலகச் செவிலியர் அமைப்புகள் ஏற்று நடக்கும் அற நெறியில் உடன் பணியாளர் பற்றி இரண்டு விஷயங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவர்களோடு மரியாதையாக, ஒத்துழைத்து வேலை செய் என்பது ஒன்று. அவர்களில் ஒருவரால் பிறருக்குக் கேடு வருமானால் அதைத் தடுக்க நடவடிக்கை எடு என்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்ய ஓர் இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது. புகாரை வாங்கிக்கொள்ள ஒரு மேசை வேண்டும், புகார் கொடுத்தவர் அன்று மாலை எங்கே உடை மாற்றுகிறார் என்று கவலைப்பட ஓர் ஆள் வேண்டும். ‘நீ ஏன் அவனிடம் வாயைக் கொடுத்தாய்’ என்று கேட்கிற பழக்கம் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பவர்களும் செவிலியர்களாகவே இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. மறுநாள் காலை அவரைக் கண்டுபிடித்ததும் துப்புரவு செய்ய வந்த ஒருவர்தான். குற்றம் செய்த ஒருவனை வைத்து அந்த வேலை செய்யும் எல்லோரையும் சந்தேகிக்கிற போக்கு எந்த மருத்துவமனையிலும் சுலபமாக வந்துவிடும். ‘கிளாஸ் ஃபோர் ஆட்கள்’ என்று நாம் குரலை மாற்றிச் சொல்வோமே, அதைத்தான் சொல்கிறேன்.

தாக்குதலுக்குப் பிறகு மும்பைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு நல்ல கவனிப்பு வேண்டும், தங்களுக்குப் பாதுகாப்பான பணியிடம் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டார்கள். நோயாளிகளை விட்டுவிட்டு நிறுத்தம் செய்வது சரியா என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவியாவது கேட்பாள். அவசர நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கும்வரை சரி என்பது என் பதில். தன் உடம்புக்குப் பாதுகாப்பில்லாத இடத்தில் நிற்கிற ஒருத்தி இன்னொரு உடம்பை நிதானமாகத் தொட்டுப் பராமரிக்க முடியாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

அசைய முடியாத ஓர் உடம்பை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது முதலாண்டு மாணவிக்கும் தெரியும். எலும்பு துருத்தும் இடங்களில் தோலுக்கும் படுக்கைக்கும் நடுவே இரத்த ஓட்டம் நசுங்கும். முதுகின் கீழ்ப்பகுதி, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை. முதலில் சிவக்கும். விரலால் அழுத்திவிட்டு எடுத்தாலும் சிவப்பு மாறாது. அங்கேயே பிடிக்கவில்லையென்றால் தோல் உரியும், புண் குழியும், எலும்பு தெரியும்வரை போகும். இரண்டு மூன்று நாள் அலட்சியம் போதும். ஆறுவது மாதக் கணக்கில், சிலருக்கு ஆறாமலே போகும்.

அருணாவுக்கு ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. மருத்துவமனை முதல்வர் சொன்னார், உச்ச நீதிமன்றமும் 2011 தீர்ப்பில் அதைத் தனியாக எடுத்துச் சொல்லி, நாடே இந்த ஊழியர்களிடம் அர்ப்பணிப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியது.

இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எல்லோரும் நெகிழ்ந்து போகிறார்கள். நான் மாணவிகளைக் கணக்குப் போடச் சொல்வேன். பாடத்தில் சொல்லியிருக்கிறபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டினால் ஒரு நாளைக்கு 12 தடவை. வருடத்துக்கு 4,380. 1973 நவம்பர் முதல் 2015 மே வரை 41 வருடமும் சில மாதங்களும். பெருக்கினால் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டும். இத்தனையும் ஒரே கை செய்ததில்லை. பணிக்கு வந்து, ஓய்வு பெற்று, அடுத்தவரிடம் ஒப்படைத்துப் போன பல தலைமுறைக் கைகள். தீபாவளி இரவு, மழை வெள்ளத்தில் பாதிப் பேர் வந்து சேராத நாள், வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்த நாள் என்று எல்லா நாளும் கணக்கில் வரும். ஒருவர் ஒரு வாரம் மனம் சலித்திருந்தால் புண் வந்திருக்கும். அது யாருடைய வாரம் என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. சொல்ல முடியாது என்பதால்தான் அலட்சியம் சுலபம். அங்கே வரவில்லை.

உணவை மசித்து வாயில் ஊட்டினார்கள். குழாய் போடுவது வேலையைக் குறைக்கும். நேரம் மிச்சம், இத்தனை மில்லி கொடுத்தோம் என்று எழுதிவைக்கவும் வசதி. வாய்வழி ஊட்டுவதற்குத் தலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்திருக்க வேண்டும், புரையேறாமல் காக்க வேண்டும். 2010 செப்டம்பரில் மலேரியா வந்து உணவு இறங்குவது குறைந்தபோதுதான் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டார்கள். அதுவரை 36 ஆண்டுக்கும் மேலாகக் கரண்டிதான். மீன் சூப்பும் கோழி சூப்பும் பிடிக்கும், பிடித்ததைக் கொடுத்தால் முகம் மலரும் என்று ஊழியர்கள் சொன்னார்கள். சிறுநீர், மலம் கழிக்க வேண்டுமென்றால் ஒரு மாதிரி ஒலி எழுப்புவார், அதைப் புரிந்துகொண்டு கழிப்பறைக்குக் கொண்டுபோவோம் என்று மருத்துவமனை நீதிமன்றத்தில் சொன்னது. எனக்கு இந்த வாசகம் படுக்கைப் புண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பேச்சில்லாத ஒருவரின் ஒலியில் இது பசி, இது வலி, இது வேறு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த காதுகள் அந்த வார்டில் இருந்தன. அந்தக் கேள்வியறிவு எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறுவதில்லை. ஒரு சிஸ்டர் இன்னொரு சிஸ்டருக்குக் கட்டிலருகே நின்று வாயால் சொல்லித்தான் கைமாறும்.

மருத்துவர்கள் பார்த்ததும் செவிலியர்கள் பார்த்ததும்

2009 டிசம்பரில், பத்திரிகையாளர் பிங்கி விரானி அருணாவின் சார்பில் உச்ச நீதிமன்றம் போனார். அவர் 1998இல் அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். எலும்பு நொறுங்கும் நிலை, பல் சொத்தை, மசித்த உணவு, எந்த உணர்வுமில்லாத வாழ்க்கை, இப்படி உணவூட்டி நீட்டிப்பதை நிறுத்த வேண்டும் என்பது மனுவின் சாரம். மருத்துவமனை வேறு சித்திரம் கொடுத்தது. இரண்டும் ஒத்துப்போகாததால் 2011 ஜனவரி 24 அன்று மூன்று மருத்துவர்கள் கொண்ட குழுவை நீதிமன்றம் அமைத்தது. டாடா நினைவு மருத்துவமனை, ஹிந்துஜா, சயான் மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து ஆளுக்கொருவர்.

குழு அறிக்கை நிதானமானது. கண் சிமிட்டுகிறார், ஆனால் எதையும் பார்வையால் தொடர்வதில்லை. சொன்னதைச் செய்வதில்லை. அறையில் ஆட்கள் கூடினால் ஒலி எழுப்புகிறார், அவர்கள் போனதும் அடங்குகிறார். மெல்லத் தடவிக் கொடுத்தால் அமைதியாகிறார். நிரந்தரத் தாவர நிலைக்கான, அதாவது கண் விழித்திருந்தும் தன்னுணர்வு திரும்பாத நிலைக்கான, பெரும்பாலான அடையாளங்கள் பொருந்துகின்றன, மூளைச் சாவு இல்லை என்று முடித்தார்கள்.

செவிலியர்களுக்கு அவர் எல்லாம் அறிந்தவர். மருத்துவர்களுக்கு அந்த முகபாவங்களில் நோக்கம் இருந்ததா என்பது நிரூபணமாகாத விஷயம். யார் சொல்வது சரி? நீண்ட நாள் பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணில், ஒரு மணி நேரப் பரிசோதனைக்குத் தட்டுப்படாத பலதும் படும். அது உண்மை. நீண்ட நாள் பக்கத்தில் இருப்பவர்கள் ஆசைப்பட்டதைப் பார்த்துவிடுவதும் உண்மை. குழந்தை வளர்த்தவர்களுக்கும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இரண்டும் தெரியும். அறத்தில் தேறிய செவிலியர் தான் கண்டதைக் கண்டபடி எழுதுவார்: ‘தடவியதும் ஒலி அடங்கியது.’ ‘தடவியதும் மகிழ்ந்தார்’ என்று எழுதும்போது நாம் ஓர் அடி முன்னே போய்விடுகிறோம். அந்த ஓர் அடியைப் பாசத்தில் போகலாம். ஒருவரின் உயிரைப் பற்றிய முடிவில் சாட்சியாகப் போகும்போது, போனோம் என்று தெரிந்து போக வேண்டும்.

படுக்கை கேட்டபோதும் நீதிமன்றத்திலும்

எண்பதுகளில் மாநகராட்சி இரண்டு முறை அவரை அங்கிருந்து அப்புறப்படுத்தப் பார்த்தது. படுக்கை வேண்டும் என்பது காரணம். செவிலியர்கள் போராடினார்கள், மாநகராட்சி திட்டத்தைக் கைவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் படுக்கை கேட்டது அபத்தமான வாதம் இல்லை. அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கை என்பது வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டியது. ஆனால் அந்த நிறுவனம் அருணாவுக்குக் கடன்பட்டிருந்தது. அதன் அடித்தளத்தில், அதன் பணியாளரால், அதன் வேலையில் இருந்தபோது நேர்ந்த காயம் அது. உண்மையை மறைத்ததும் அதே நிறுவனம். கடன்பட்டவர் கடனாளிக் கணக்கை மறந்துவிட்டு இடவசதிக் கணக்கைப் பேச முடியாது. என் வருத்தம் வேறு. நிறுவனத்தின் கடனை அடைத்தவர்கள் செவிலியர்கள். தங்கள் முதுகாலும் கையாலும், வழக்கமான வார்டு வேலைக்கு மேலாக.

2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் செயலற்ற கருணைக்கொலைக்கு, உயர் நீதிமன்ற அனுமதியுடன் வழி செய்தும் கொடுத்தது. அருணாவுக்காகப் பேசும் உற்றவர் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன பதில்தான் நமக்கு வேண்டியது. பெற்றோர் இல்லை, உறவினர் வந்து பார்ப்பதில்லை. சில தடவை வந்துபோனவரும் புத்தகம் எழுதியவருமான விரானியைவிட, இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களே உற்றவர்கள். அவர்கள் மனம் மாறினால் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. வார்டில் இனிப்பு வழங்கினார்கள், கேக் வெட்டினார்கள். மறுபிறவி என்று கொண்டாடினார்கள்.

அந்தக் கேக்கைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரே மனம் இல்லை. உணவை நிறுத்தும் கையாக நாங்கள் இருக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். பல்லாண்டு ஊட்டிய கையிடம் ‘நாளையிலிருந்து ஊட்டாதே’ என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால், பார்த்துக்கொள்கிற எங்களுக்கே கஷ்டம் இல்லாதபோது வெளியாளுக்கு என்ன என்று மருத்துவமனைத் தரப்பில் எழுந்த கேள்வி சரியில்லை. அங்கே கேட்கப்பட வேண்டியது அருணாவின் கஷ்டம். நோயாளிக்காகக் குரல் கொடுப்பது செவிலியரின் கடமை என்று படிக்கிறோம். கூடவே, நமக்குப் பிடிக்காத குரலை நோயாளிக்காக வேறொருவர் எழுப்பினால் அதையும் காதுகொடுத்துக் கேட்பது அதே கடமையின் மறுபாதி. விரானி எழுதியிருக்காவிட்டால் 1973இல் மறைக்கப்பட்டது பலருக்குத் தெரிந்தே இருக்காது. அவர் வழக்குப் போட்டதால் திறந்த வழியில்தான், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறக்கும் உரிமையையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது. 2011 தீர்ப்பின் சட்ட அடிப்படையில் குழப்பம் இருப்பதையும் அந்த அமர்வு சுட்டிக்காட்டியது. அருணாவுக்கு எழுதிவைக்க வாய்ப்பு இருந்ததில்லை. 25 வயதில் யார் எழுதிவைப்பார்கள்?

‘நம்மில் ஒருத்தி’

ஒவ்வொரு புதிய மாணவியர் அணியும் வந்ததும் அருணாவின் அறைக்கு அழைத்துச் சென்று காட்டுவோம், ‘இவர் நம்மில் ஒருத்தியாக இருந்தவர், இன்றும் நம்மில் ஒருத்தி’ என்று சொல்வோம், அதன்பின் அவர்கள் மனமாரப் பார்த்துக்கொள்வார்கள் என்று மருத்துவமனை முதல்வர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார்.

இதைவிட வலுவான அறப் பாடம் இந்தியச் செவிலியர் கல்வியில் வேறு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அருணாவை நேரில் அறிந்த தோழிகள் எண்பதுகளில், தொண்ணூறுகளில் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2015இல் பார்த்துக்கொண்டவர்களில் பலர் 1973இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். முன்பின் அறியாத ஒருவரைச் சொந்தம் ஆக்கியது அந்த ஒரு வாக்கியம்.

அதே வாக்கியத்தைப் புரட்டியும் பார்க்க வேண்டும். முதலாவது, காட்டுவது. ஒரு நோயாளியை அவரது ஒப்புதல் இல்லாமல் வேடிக்கைபோலக் காட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறோம். அருணா ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியாதவர். அறையில் கூட்டம் சேர்ந்தால் ஒலி எழுப்பி, ஆட்கள் போனதும் அடங்கினார் என்று அந்த மருத்துவர் குழுவின் அறிக்கையே சொல்கிறதே. காட்டியவர்களின் எண்ணத்தில் களங்கம் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருவர் மூவராக உள்ளே போயிருக்கலாம், தோளைத் தொட்டுத் தன் பெயரைச் சொல்லியிருக்கலாம், ஒலி எழுந்தால் உடனே வெளியே வந்திருக்கலாம். ஒருவேளை அப்படித்தான் செய்தார்களோ என்னவோ. செய்திருக்கக்கூடியவர்கள்தான்.

இரண்டாவது, என்னைத் தூங்கவிடாத கேள்வி. ‘நம்மில் ஒருத்தி’ என்பதால் இப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்றால், நம்மில் ஒருத்தியாக இல்லாதவர்? சாலை விபத்தில் அடிபட்டு, பெயர் தெரியாதவர் என்று சீட்டு ஒட்டிக் கொண்டுவந்து போடப்படும் ஆள்? குடித்துவிட்டு விழுந்தவர்? கைவிலங்கோடு போலீஸ் கொண்டுவருகிற கைதி? அந்தக் கைதி, அருணாவைத் தாக்கியவனைப்போன்ற ஒருவனாகவே இருந்தால்? அவர்களுடைய குதிகாலும் இரண்டு மணி நேரத்தில் சிவக்கும். தோலுக்கு ஆள் யாரென்று தெரியாது.

நம் வார்டுகளில் நடப்பதை நாம் அறிவோம். தெரிந்தவர் வீட்டு நோயாளி, டாக்டர் சொல்லி அனுப்பிய நோயாளி, உடன் வேலை பார்க்கும் சிஸ்டரின் மாமியார் என்றால் போர்வை சீக்கிரம் மாறும். யாருமில்லாதவரின் முதுகை அட்மிஷன் அன்று பார்த்தோம், அப்புறம் புண் வாடை வந்ததும் பார்த்தோம் என்பதும் நடக்கிறது. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஐம்பது பேருக்கு ஒரு செவிலியர் நிற்கிற இரவில் அறம் பேசுவது கல்நெஞ்சம் என்று தோழிகள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பற்றாக்குறையிலும் யாரை முதலில் பார்க்கிறோம், யாரைக் கடைசியில் பார்க்கிறோம் என்ற வரிசையை நம் கைதான் போடுகிறது. கே.இ.எம். செவிலியர்களுக்கும் ஆட்கள் அதிகமாக இருந்ததில்லை. அவர்கள் அருணாவை வரிசையில் கடைசியில் வைக்கவில்லை, அவ்வளவுதான். அது முடியும் என்று காட்டியதால்தான் மற்ற கட்டில்களைப் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

2015 மே, அதற்குப் பிறகு

நிமோனியா வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசத்தில் இருந்து, 2015 மே 18 அன்று அருணா இறந்தார். ஜூன் 1 வந்திருந்தால் 67 நிறைந்திருக்கும். இத்தனை ஆண்டும் வராத உறவினர்கள் அன்று வந்தபோது செவிலியர்கள் கொதித்தார்கள். ‘இப்போது எங்கிருந்து வந்தீர்கள்’ என்ற கேள்வி அவர்கள் வாயில் வந்ததில் ஆச்சரியம் இல்லை. கடைசியில் மருத்துவமனை முதல்வரும் உறவினர் ஒருவரும் சேர்ந்தே கொள்ளி வைத்தார்கள். ஏழைக் குடும்பம், மூளை பாதிக்கப்பட்ட பெண்ணை வைத்துப் பார்க்க வழியில்லாத வீடு. கைவிட்டவர்கள் என்று நாம் எளிதில் சொல்கிற குடும்பங்களில் பாதி, முடியாமல் போன குடும்பங்கள். இறந்தவரின் கட்டிலருகே அந்தக் கணக்கைத் தீர்க்காமல் இருவரையும் நிற்கவிட்டது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

2013இல் வன்புணர்ச்சியின் சட்ட வரையறை விரிந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டமும் அதே ஆண்டு வந்தது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர், பணியில் இருந்த இரவில், மருத்துவமனைக்குள்ளேயே கொல்லப்பட்டார். அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்தபோது தலைமை நீதிபதி அருணாவின் பெயரைச் சொன்னார். 51 வருடம் கழித்தும் நாம் கேட்க வேண்டியிருப்பது இவ்வளவுதான். உடை மாற்ற ஓர் அறை, கண் அயர ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள்.

இந்த நிகழ்வை நடத்தி முடித்ததும் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். காலை டூட்டிக்கு வருகிறவரிடம் அருணாவை ஒப்படைக்கும் குறிப்பை எழுத வேண்டும். எல்லோரும் நன்றாகவே எழுதுகிறார்கள். கடைசியாகப் புரட்டிய நேரம், எந்தப் பக்கம், தோல் நிலை, எவ்வளவு உணவு, எந்த ஒலிக்கு என்ன செய்தோம், பாட்டுப் போட்டதும் அடங்கியது. சிலர் தாளின் ஓரத்தில் மீன் சூப் என்று எழுதி அடிக்கோடிட்டிருப்பார்கள்.

பிறகு அதே தாளின் பின்பக்கத்தைத் திருப்பச் சொல்வேன். பெயர் தெரியாதவர், ஆண், சுமார் 50 வயது, சாலையோரத்தில் கிடந்தவர், மூன்றாம் நாள். அவரை ஒப்படைக்கும் குறிப்பு. எழுத ஆரம்பித்து இரண்டு வரியில் பேனா நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து யாராவது ஒருத்தி கையைத் தூக்கி, ‘மேடம், இவருக்கு என்ன பிடிக்கும்னு எழுதணுமா?’ என்று கேட்பாள். எழுதணும்மா என்பேன். ‘அது நமக்கு எப்படித் தெரியும்?’ என்பாள். அன்று மதியமே அவர்களை வார்டுக்கு அழைத்துப் போவேன்.